முழங்கால் அளவு தண்ணீர் குழந்தைக்குப் பாதுகாப்பானதா?

மே விடுமுறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து சென்னை வரவிருக்கும் ஒரு தாயின் கேள்வி இது. ஆறு வயது மகளையும் மூன்று வயது மகனையும் பெசன்ட் நகர் கடற்கரைக்கு அழைத்துப் போகிறார்கள். முழங்கால் அளவு தண்ணீருக்கு மேல் இறங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். இருவருக்கும் காற்றடிக்கும் டியூப் வாங்கியாகிவிட்டது. கணவருக்கு நன்றாக நீச்சல் தெரியும். இவ்வளவும் போதுமா என்று கேட்கிறார். மகன் அலையைக் கண்டாலே அழுகிறான், பயம் தெளிய அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகலாம் என்று கணவர் சொல்வது சரியா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். சகோதரி, நீங்கள் உண்மையில் கேட்பது, எந்த ஆழம் வரை போனால் நாம் கொஞ்சம் அசந்திருக்கலாம் என்பதுதான். கடலில் அப்படி ஓர் ஆழம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தில் முழங்கால், டியூப், கணவரின் நீச்சல் ஆகிய மூன்றும் இருக்கின்றன. குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பது மட்டும் இல்லை.

நான் பதினாறு ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுத் தருகிறவன். நீரிலிருந்து மீட்பதற்கும் மூச்சு மீட்பு முதலுதவிக்கும் பயிற்சி பெற்று, அதை அவ்வப்போது புதுப்பித்தும் வருகிறேன். மருத்துவன் அல்லன், ஆகவே உடல்நிலை பற்றிச் சொல்வது முதலுதவியோடு நின்றுவிடும். அதேபோல, நீங்கள் போகும் நாளில் கடல் எப்படி இருக்கும் என்பதை அன்று அந்தக் கரையில் நின்று பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

முழங்காலிலிருந்து தொடங்குகிறேன். வளர்ந்தவரின் முழங்கால் தரையிலிருந்து ஏறத்தாழ 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 95 சென்டிமீட்டர். அதாவது உங்கள் முழங்கால் உங்கள் மகனின் இடுப்பு. ஓர் அலை வந்து தண்ணீர் ஓர் அடி உயர்ந்தால் உங்களுக்குத் தொடை நனையும், அவனுக்குக் கழுத்து மூழ்கும். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஆயிரம் கிலோவுக்கும் கூடுதலான எடை கொண்டது. அவன் எடையோ பதினான்கு, பதினைந்து கிலோ. தேங்கி நிற்கும் குளத்து நீரில் இடுப்பளவுக்கு நிற்கும் குழந்தையும், ஓடிக்கொண்டிருக்கும் நீரில் இடுப்பளவுக்கு நிற்கும் குழந்தையும் ஒரே நிலையில் இல்லை.

அலை திரும்பும்போது காலடி மணல் கரைந்து, குதிகால் மெல்லப் பள்ளத்தில் இறங்குவதை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். நமக்கு அது கூச்சமும் சிரிப்புமான விளையாட்டு. அதே நொடியில் பக்கத்தில் நிற்கும் சிறு குழந்தைக்கு என்ன நடக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். பாதத்தைச் சுற்றி நீர் சுழித்து, முதலில் குதிகாலுக்கு அடியில் குழி விழும். உடல் பின்னால் சாயும். சாய்வைச் சரிசெய்யக் குழந்தை ஒரு காலைத் தூக்கும். அந்த ஒற்றைக் காலின் கீழும் மணல் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த அலை வந்து நெஞ்சில் மோதுவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். சிறு குழந்தைகளின் தலை உடலோடு ஒப்பிட எடை மிகுந்தது. விழுந்தால் முகம் நீருக்குள் போகிறது, கையை ஊன்றி எழ வலுவும் போதாது. திரும்பும் நீர் அந்த உடலை இரண்டு மூன்று மீட்டர் உருட்டிக்கொண்டு போய், கரை சட்டென்று சரியும் இடத்தில் விட்டுவிடும். சென்னைக் கரையின் பெரும்பகுதி அப்படிச் சரிவானது. இவை அத்தனைக்கும் பத்து நொடி கூட ஆகாது.

இங்கே ஒரு சொல்லைத் திருத்த விரும்புகிறேன். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் செய்தித்தாள்களில் ராட்சத அலை இழுத்துச் சென்றது என்று எழுதுகிறார்கள். உடையும் அலை கரையை நோக்கித் தள்ளுகிறது. கடலுக்குள் இழுப்பது திரும்பிச் செல்லும் நீர். கரையில் வந்து குவிந்த நீர் எங்காவது தாழ்வான ஒரு வழியைக் கண்டுபிடித்து, ஒடுங்கிய வாய்க்கால் போலக் கடலுக்குள் பாயும்போது அது இழுப்பு நீரோட்டமாகிறது. சாதாரணமாக நொடிக்கு அரை மீட்டர் அளவில் ஓடும் இந்த நீரோட்டம், வேகம் பிடிக்கும்போது நொடிக்கு இரண்டு மீட்டரையும் தாண்டலாம். ஒலிம்பிக் நீச்சல் வீரர்களாலேயே அதை எதிர்த்துக் கரை சேர முடியாது. பலர் நினைப்பது போல அது ஆளை அடியில் அமிழ்த்துவதில்லை, வெளியே கொண்டுபோகிறது. எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதால்தான் மூழ்குகிறார்கள்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய கொடுமை ஒன்று இதில் உண்டு. இருபுறமும் அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் நுரையில்லாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும். குழந்தைகளுக்கு ஏற்ற இடம் என்று நாம் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அதைத்தான். ஆனால் அலை உடையாததற்குக் காரணம் அங்கே பள்ளம் இருப்பது. அந்தப் பள்ளம்தான் நீர் வெளியேறும் வழி. ஆகவே போனவுடன் தண்ணீரில் இறங்காதீர்கள். பத்து நிமிடம் மேட்டு மணலில் நின்று பாருங்கள்: நுரையோ பாசியோ கலங்கிய மணலோ எங்கே கடலை நோக்கி நகர்கிறது, எங்கே அலைகள் உடையாமல் இடைவெளி இருக்கிறது என்று கவனியுங்கள். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருக்கும் மீனவர் ஒருவரிடம், "அண்ணே, இன்னைக்கு இழுப்பு எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் ஊரான ஊரூர் குப்பத்துப் பெரியவர்கள் ஒரு பார்வையில் சொல்வதை நான் பல ஆண்டுகள் பழகியும் சில நாள் தவறவிடுகிறேன். தூண்டில் வளைவு என்று நாம் அழைக்கும் கற்குவியல்களின் ஓரத்திலும், அடையாறு போன்ற ஆறுகளின் முகத்துவாரத்திலும் இழுப்பு ஏறத்தாழ நிரந்தரமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அங்கே குழந்தைகளைக் காலைக்கூட நனைக்க விடாதீர்கள்.

பெசன்ட் நகரைப் பற்றி நேரடியாகச் சொல்கிறேன். மெரினாவில் கடலில் குளிக்கத் தடை இருக்கிறது. பெசன்ட் நகரிலும் எச்சரிக்கைப் பலகைகள் உள்ளன. கரை சரிவதும் நீரோட்டம் இடம் மாறுவதும் அதற்குக் காரணங்கள். அங்கே உங்கள் குழந்தைகளுக்கு நான் அனுமதிப்பது ஈர மணலும், ஓய்ந்துபோன அலையின் கடைசி நுரை குழந்தையின் கணுக்காலைத் தொடுவதும் மட்டுமே. அதுவும் கை பிடித்தபடி. இதைவிடக் கூடுதலாக நீரில் விளையாட விரும்பினால் இடத்தை மாற்றுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளம், சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரப்படும் பன்னாட்டு நீலக்கொடிச் சான்றை 2021-இல் பெற்றது. உயிர்காப்பாளர் அல்லது மீட்புக் கருவிகள் இருக்க வேண்டும் என்பது அந்தச் சான்றின் விதிகளில் ஒன்று. போனதும் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, அவர்கள் கண்ணில் படும் இடத்தில் இறங்குங்கள். இராமேசுவரம் அக்னி தீர்த்தம் பாக் நீரிணைப் பக்கம் இருப்பதால் அலை மிகக் குறைவு. ஆனால் அங்கிருந்து தனுஷ்கோடிக்குப் போய், இதுவும் அதே கடல்தானே என்று இறங்கிவிடக் கூடாது. அங்கே மன்னார் வளைகுடா வேறு கடல் போலவே நடந்துகொள்ளும். மாமல்லபுரத்தில் கோயிலை அண்டிய கடல் பார்ப்பதற்கு மட்டும்.

மே மாதம் என்பதால் இரண்டு விஷயங்கள். முதலாவது காற்று. கோடையில் சென்னைக் கரையில் காலை நேரத்தில் தரையிலிருந்து கடலை நோக்கி மேற்குக் காற்று வீசும். நண்பகலை ஒட்டித்தான் கடற்காற்று திரும்பும். தரைக்காற்று அலைகளை அமுக்கிவிடுவதால் கடல் சமதளமாக, சாதுவாகத் தோன்றும். அதே காற்று, மிதக்கும் எதையும் கரையை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு போகும். உங்கள் டியூப் இங்கேதான் உதவியாக இல்லாமல் ஆபத்தாக மாறுகிறது. காற்றடித்த டியூப் எடையற்றது, உயரமாக மிதப்பது, பாய் போலக் காற்றை வாங்குவது. குழந்தை டியூபோடு மெல்ல விலகிப் போகும்போது ஓடிப் பிடிக்கலாம் என்று தோன்றும். நீரில் ஓட முடியாது, நீந்தும் வேகத்தைவிட அது வேகமாகப் போகும். இடுப்பில் மாட்டும் வளையம் கவிழ்ந்தால் கால் மேலும் தலை கீழுமாகக் குழந்தை மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படித்தால், இது உயிர்காப்புக் கருவி அல்ல என்று அநேகமாக அதிலேயே எழுதியிருப்பார்கள். டியூபை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கைகளில் மாட்டும் காற்றுப் பட்டைகளுக்கும் இதே தீர்ப்புதான்.

இரண்டாவது விஷயம் தென்கோடியைச் சேர்ந்தது. விடுமுறைப் பயணத்தில் கன்னியாகுமரியும் இருந்தால் உங்களுக்குத் தேவைப்படும். தெற்கு இந்தியப் பெருங்கடலில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழும் புயல்களின் நீண்ட அலைகள் சில நாட்கள் பயணம் செய்து, நம் கரையில் காற்றோ மழையோ இல்லாத வெயில் நாளில் திடீரென்று கடலை உயர்த்தும். கேரளத்திலும் குமரியிலும் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். திருடனைப் போல் சொல்லாமல் வருவதால் வந்த பெயர். 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது இத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் முன் வானிலையைப் பார்ப்பது போல இதையும் பார்த்துவிடுங்கள். வானம் தெளிவாக இருப்பது கடல் அமைதிக்குச் சான்று ஆகாது.

இனி, இந்தப் பதிலில் நான் மிகவும் கவலைப்படும் பகுதிக்கு வருகிறேன். நீரில் மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. திரைப்படங்கள் நம் மனத்தில் பதித்திருக்கும் காட்சி தவறானது. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, உண்மையில் மூழ்கிக்கொண்டிருந்தவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து சொன்னது இது: தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் மூழ்கியும் எழுந்தும் இருக்கும், கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்தும், மேலே உயராது, கால் உதைக்காது, உடல் செங்குத்தாக நிற்கும். மூச்சுக்கே இடமில்லாத வாயால் கூப்பிட முடியாது. இந்த நிலை 20 முதல் 60 நொடி வரைதான் நீடிக்கும். சிறு குழந்தைகளிடம் அதைவிடவும் குறைவு. நடக்கப் பழகிய வயதுக் குழந்தைகள் பல நேரம் இந்தப் போராட்டம்கூட இல்லாமல் நேராக முகம் குப்புற விழுந்து அப்படியே கிடப்பார்கள்.

அதை நான் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஏழெட்டுப் பெரியவர்கள் கணுக்கால் நீரில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான்கு வயது இருக்கும் ஒரு பெண்குழந்தை சிவப்பு வாளியில் தண்ணீர் மொள்ளக் குந்தினாள். பெரிய அலை எதுவும் இல்லை. சாதாரணமான ஒன்று வந்து முதுகில் தட்டியது. அவள் குப்புற விழுந்தாள், வாளி மிதந்து போனது, தலைமுடி நீரில் விரிந்து ஆடியது. எந்தச் சத்தமும் இல்லை. நான் பத்தடி தூரத்தில் இருந்ததால் ஓடிப்போய்த் தூக்கினேன். இருமி, வாந்தியெடுத்து, அதன்பின்தான் அழுதாள். அழுகை கேட்ட பிறகுதான் அந்த ஏழெட்டுப் பேரும் திரும்பினார்கள். அவளுடைய தந்தை மூத்த பையனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், வெளிறிய முகத்தோடு, "இப்பத்தாங்க பாத்தேன், இப்பத்தான் பாத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்ததற்கும் நான் தூக்கியதற்கும் இடையில் பதினைந்து நொடிதான் இருந்திருக்கும்.

நிறையப் பெரியவர்கள் கூட வந்தால் பாதுகாப்பு கூடும் என்று நினைக்கிறோம். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. அம்மா பார்க்கிறாள் என்று அத்தையும், அத்தை பார்க்கிறாள் என்று அம்மாவும் இருந்துவிடுவார்கள். ஆகவே ஐந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர் சொல்லி ஒரு பெரியவரை ஒப்படையுங்கள். அவர் கைக்கு எட்டும் தூரத்தில், நீருக்கு உள்பக்கமாக, அதாவது குழந்தைக்கும் கடலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, கடலுக்கு முதுகு காட்டாமல் நிற்க வேண்டும். விரல்களைப் பிடிக்காதீர்கள், ஈரத்தில் நழுவும்; மணிக்கட்டைப் பிடியுங்கள். கைப்பேசி பையில் இருக்கட்டும். பதினைந்து அல்லது இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவர் கண்ணிமைக்காமல் காவல் இருக்க முடியாது என்பதால் ஆள் மாற்றுங்கள். மாற்றும்போது வாயால் சொல்லி மாற்றுங்கள். எங்கள் வகுப்புப் பெற்றோருக்கு நான் சொல்லித் தரும் வழி ஒரு தொப்பி. அது யார் தலையில் இருக்கிறதோ அவர்தான் காவல். தொப்பியைக் கழற்றி இன்னொருவர் தலையில் வைக்காமல் பஜ்ஜி வாங்கக்கூடப் போகக் கூடாது. உங்கள் ஆறு வயது மகளுக்கும், அவள் எவ்வளவு பொறுப்பான பிள்ளையாக இருந்தாலும், தனியாக ஒருவர் வேண்டும். தம்பியைப் பார்த்துக்கொள் என்று அவளிடம் எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள்.

உடையைப் பற்றி ஒரு வரி: நீலம், வெள்ளை, சாம்பல் நிறங்கள் கடலில் கரைந்துவிடும், பளிச்சென்ற ஆரஞ்சு, மஞ்சள், இளஞ்சிவப்பு தெரியும். காணும் பொங்கலன்று மெரினாவில் காவல்துறையினர் குழந்தைகளின் கையில் பெற்றோரின் கைப்பேசி எண் எழுதிய பட்டை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை மற்ற நாட்களில் நீங்களே பேனாவால் குழந்தையின் முன்கையில் எழுதிவிடலாம். குழந்தையைக் காணவில்லை என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள், பிறகு கடைகளைப் பாருங்கள். பலூன் கடையில் நிற்கும் குழந்தைக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது, நீரில் இருக்கும் குழந்தைக்கு இல்லை.

உயிர்காப்பு மேலங்கி, அதாவது லைஃப் ஜாக்கெட், அணிவிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். படகில் ஏறினால் கட்டாயம். கரையோர அலையில் அதன் பயன் குறித்துப் பயிற்றுநர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. குழந்தையின் எடைக்குப் பொருந்தி, கால்களுக்கு இடையே வார் உள்ள நல்ல மேலங்கி தலையை நீருக்கு மேல் வைத்திருக்கும் என்பது உறுதி. அலை அதை அணிந்த குழந்தையையும் புரட்டும், இழுப்பு அதையும் வெளியே கொண்டுபோகும் என்பதும் உறுதி. அது இருக்கும் துணிச்சலில் பெற்றோர் ஓரடி பின்னால் நிற்கத் தொடங்குவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த ஓரடிதான் எனக்குக் கவலை. பொருத்தம் பார்க்க, அணிவித்த பின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காது வரை ஏறினால் அளவு பெரிது, அணியாததற்குச் சமம்.

நீச்சல் வகுப்பும் அப்படித்தான். ஒரு வயதிலிருந்தே பயிற்சி தொடங்கலாம், அது மூழ்கும் ஆபத்தைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்கிறது. எந்தப் பயிற்சியும் குழந்தையை மூழ்காத குழந்தையாக ஆக்காது என்றும் அவர்களே சொல்கிறார்கள். நான்கு வயதுக்கு மேல் கற்கும் குழந்தைகளிடம் பலன் தெளிவாகத் தெரிகிறது என்பது என் அனுபவம். ஆனால் நீச்சல் குளத்தில் இருபத்தைந்து மீட்டர் நீந்தும் பிள்ளை, தரை தெரியாத, அலை அடிக்கும், உப்பு கண்ணில் எரியும் நீரில் அதில் பாதியாவது நீந்தும் என்று நான் எந்தப் பெற்றோருக்கும் உறுதி கொடுப்பதில்லை.

உங்கள் கணவருக்கு நீச்சல் தெரியும் என்றீர்கள். பெசன்ட் நகர் மணலில் ஒரு வெள்ளை வளைவு நிற்கிறதே, அது டென்மார்க்கைச் சேர்ந்த மாலுமி ஷ்மிட்டின் நினைவகம். 1930 டிசம்பர் 30 அன்று, மூழ்கிக்கொண்டிருந்த மற்றவர்களைக் காப்பாற்ற உதவும்போது அந்த இடத்துக்கு அருகில் அவர் இறந்தார். கல்லிலேயே அப்படி எழுதியிருக்கிறது. கடலிலேயே வாழ்ந்த மாலுமிக்கு நேர்ந்தது அது. பிள்ளையைக் காப்பாற்றக் குதித்த தந்தையும் சேர்ந்து போவது நம் கரைகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஆகவே வெறுங்கையோடு பாயக் கூடாது. முதல் வேலை உரக்கக் கத்தி உயிர்காப்பாளரையோ மீனவரையோ அழைப்பது. அடுத்தது மிதக்கும் பொருளை எறிவது. காலியான 20 லிட்டர் தண்ணீர் கேனின் மூடியை இறுக்கிக் கயிறு கட்டினால் நல்ல மிதவை. இரண்டு லிட்டர் பாட்டில்கள் நாலைந்து ஒரு பையில் கட்டினாலும் ஆகும். கடற்கரைக்குப் போகும்போது காரில் இதை வைத்துக்கொள்ள ஒரு செலவும் இல்லை. போயே ஆக வேண்டும் என்றால் அதைக் கையில் கொண்டு போக வேண்டும். இழுப்பில் மாட்டிக்கொண்டவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துவதா, மிதந்தபடி உதவிக்குக் காத்திருப்பதா எது மேல் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். இழுப்பை நேர் எதிரே எதிர்த்து நீந்தாதே என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள்.

ஒருவேளை குழந்தையை மயங்கிய நிலையில் வெளியே எடுத்தால் என்ன செய்வது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது பாதிதான். பொம்மையில் அழுத்திப் பழகும் ஒருநாள் பயிற்சி வகுப்புக்குக் கணவனும் மனைவியும் போய் வாருங்கள். ஆனாலும் சொல்கிறேன். தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊரில் இன்னும் நடக்கின்றன, இரண்டும் தவறு. நேரம் வீணாவதோடு, வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போய்விடும். கெட்டியான மணலில் மல்லாத்திப் படுக்க வைத்து, மூச்சு இருக்கிறதா என்று பத்து நொடிக்குள் பாருங்கள். விட்டு விட்டு வரும் ஏங்கல் மூச்சாகாது. மூச்சு இல்லையென்றால் தாடையைச் சற்று உயர்த்தி, வாயோடு வாய் வைத்து, மார்பு மேலெழும்படி மூச்சு ஊதுங்கள். முதலில் ஐந்து முறை என்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல், இரண்டு என்கிறது அமெரிக்க வழிகாட்டுதல். மூழ்கியவருக்கு மூச்சுதான் முதல் தேவை என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. மாரடைப்புக்காகப் பரவும் காணொளிகளில் வருவது போல மார்பை மட்டும் அழுத்துவது இங்கே போதாது. பிறகு மார்பின் நடுவில், மார்பின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு என்று 108 வண்டி வரும் வரை நிறுத்தாமல் தொடர வேண்டும். வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டிருக்காதீர்கள். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பிச் சுத்தம் செய்துவிட்டுத் தொடருங்கள்.

கடலில் ஒரு வாய் தண்ணீர் குடித்த குழந்தை ஒரு வாரம் கழித்துத் திடீரென்று இறந்துவிடும் என்று கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றுகிறது. இதற்கு வைத்திருக்கும் உலர் மூழ்கல், தாமத மூழ்கல் என்ற பெயர்களை மருத்துவ உலகம் ஏற்பதில்லை. நீர் குடித்து, இருமி, உடனே பழையபடி விளையாடத் தொடங்கிய குழந்தைக்கு ஒரு வாரம் கழித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் நீரிலிருந்து தூக்கப்பட்ட குழந்தைக்கு அடுத்த சில மணி நேரத்தில் விடாத இருமல், மூச்சு வாங்குதல், வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு ஊதி மீட்கப்பட்ட குழந்தை எழுந்து உட்கார்ந்து சிரித்தாலும் மருத்துவமனைக்குத்தான்.

கடைசியாக உங்கள் மகன். மூன்று வயதுக் குழந்தை, தன்னைவிட உயரமாக எழுந்து உறுமும் ஒன்றைக் கண்டு அழுவதில் குறை எதுவும் இல்லை. அது சரியான கணிப்பு. தூக்கிக்கொண்டு உள்ளே போனால் பயம் தெளியும் என்று எண்ணி வந்த பெற்றோரின் பிள்ளைகள், ஆறேழு வயதில் என்னிடம் வரும்போது குளத்தின் படியில் கால் வைக்கவே மாதக்கணக்கில் ஆகியிருக்கிறது. கணவரிடம் இதைச் சொல்லுங்கள். தவிர, அலைக்குள் குழந்தையைச் சுமந்து நிற்பவர் தடுமாறினால் இரண்டு கைகளும் ஏற்கெனவே வேலையில் இருக்கும்; விழுவது இருவரும்தான். முதல் நாள் அவனை அலை எட்டாத இடத்தில் உட்கார வைத்து, ஒரு சிறு வாளியில் நீங்களே கடல்நீர் கொண்டுவந்து கொடுங்கள். மணலில் குழி தோண்டி ஊற்றட்டும், அது உறிஞ்சிக்கொள்வதைப் பார்க்கட்டும். மறுநாள் கொஞ்சம் கீழே, ஈர மணல் தொடங்கும் இடத்தில் உட்காருங்கள். எப்போது போதும் என்று அவன் சொல்கிறானோ அப்போது எழுந்துவிடுங்கள். இந்த விடுமுறையில் அவன் கால் நனையாமலே ஊர் திரும்பினாலும் பரவாயில்லை. அடுத்த ஆண்டு அவனே உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான், அப்போது மணிக்கட்டை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.